சைவ சித்தாந்தத்தில் உலகம்: ஒரு சொற்பொருள் விளக்கம்

உலகம், அண்டம், பிரபஞ்சம் ஆகிய சொற்கள் இன்று ஒருபொருட் பன்மொழிகளாகவே வழங்கக் காண்கிறோம். வானியல் நூலிலும் சமய மெய்யியல் வகுப்பிலும் அவை வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. இவ்விரு துறைகளும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்பதைச் சைவ சித்தாந்தத்தை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

அண்டம் என்பதற்கு முட்டை என்பது பொருள். பிரபஞ்சம் என்பது விரிந்து பரந்தது எனப் பொருள்படும். உலகம் என்னும் சொல்லோ நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் ஒருங்கே சுட்ட வல்லது. ஐம்பூதங்களின் கலப்பே உலகம் எனத் தொல்காப்பிய மரபியல் கூறும்.

13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், 12 நூற்பாக்களால் ஆன சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் உலகத்தைப் பரப்பாலோ வடிவாலோ வரையறுத்தாரில்லை. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டி அறியப்படுவதும், தோன்றி நின்று ஒடுங்குவதுமாகிய தொகுதியே அவர் கருதும் உலகம். அஃதாவது, அறிவோனுக்கு எதிரே அறிபொருளாய் நிற்றலும் மாறுதலுக்கு உட்படுதலுமே அதன் இலக்கணமாம்.

இதனால் விளைவது பெரிது. மாயையினின்று உயிர்களுக்கு அளிக்கப்படுவன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. தனு உடல்; கரணம் மனம் முதலிய கருவிகள்; புவனம் வாழிடம்; போகம் நுகர்பொருள். வானியலார் ஆராயும் பெருவெளியை இவற்றுள் புவனத்தோடு மட்டுமே ஒருவாறு ஒப்பிடலாம். தொலைநோக்கியில் காணும் விண்மீன் மட்டுமன்று, அதனைக் காணும் கண்ணும் எண்ணும் மனமும் உலகத்துள் அடங்குவனவே. 36 தத்துவங்களுள் ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. காலம் வித்தியா தத்துவங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. காலமும் மாயையின் காரியம் என்பதே இதன் கருத்து.

பெருவெடிப்புக் கொள்கையை முதல் நூற்பா முன்னரே மொழிந்துவிட்டது என மேடைகளில் கூறுவாருளர். இக்கூற்று நமக்கு உடன்பாடன்று. வெப்பமும் செறிவும் மிக்க நிலையிலிருந்து ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளாகப் பேரண்டம் விரிந்து வருவதை அறிவியல் அளவீடுகளால் நிறுவுகிறது. சித்தாந்தமோ மாற்றமுடைய காரியத்தைக் கண்டு கருத்தாவை அனுமானிக்கிறது. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகிற்கு மாயையும் சிவசத்தியும் சிவனும் ஆவர். இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தின்படி மாயை அநாதி. ஒடுக்கம் உயிர்களின் இளைப்பாற்றலுக்காக; மீளத் தோற்றம் மலநீக்கத்திற்காக. இந்த 'எதற்காக' என்னும் வினாவை இயற்பியல் எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய கடப்பாடும் அதற்கில்லை. மேலும், நூற்பாவின் பெருமையை ஓர் அறிவியற் கொள்கையோடு பிணைத்துவிட்டால், நாளை அக்கொள்கை திருத்தப்படுங்கால் நூற்பாவும் பிழையென மாணவர் கருத நேரும்.

திருவாசகத்தின் திருவண்டப் பகுதியையும் இவ்வாறே வானியற் சான்றாகக் காட்டுவர். நூறு கோடிக்கும் மேலான அண்டங்களை மாணிக்கவாசகர் அங்குப் பாடுவது உண்மையே. ஆயினும் அவற்றை அவர் எண்ணிக்காட்ட முற்படவில்லை. வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்துகள்களைப் போல் அவையனைத்தும் இறைவன்முன் சிறுத்துத் தோன்றுகின்றன என்பதே அவர் சொல்ல வந்தது.