கொழுப்பு உறைக்குள் ஒரு கடிதம்



சில வாரங்களுக்கு முன், மார்பில் கட்டியோடு பெண்கள் வார்டில் சேர்ந்திருந்த ஒரு தாயார் என்னை அருகே அழைத்தார்கள். "புற்றுநோய்க்கு ஊசி வந்தாச்சுன்னு மவன் சொல்லுதான் ஐயா. பின்ன எதுக்கு ஓப்பறேசன்? அந்த ஊசி வரட்டும், காத்திருக்கேன்" என்றார்கள். டாக்டரிடம் கேட்டறிந்ததை அவர்களுக்கு விளக்கினேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம் உடலின் உயிரணுக்கள் புரதங்களைச் செய்யும் பட்டறைகள். இன்ன புரதத்தைச் செய் என்று பட்டறைக்கு வரும் கட்டளைக் கடிதமே எம்.ஆர்.என்.ஏ. புற்று அணுக்களில் மட்டும் காணப்படும் புரத அடையாளங்களை அக்கடிதத்தில் எழுதி அனுப்பினால், நம் அணுக்களே அவற்றைச் செய்து காட்டும். வெள்ளை அணுக்கள் அந்த அடையாளத்தைக் கற்றுக்கொண்டு, அதே அடையாளமுள்ள புற்று அணுக்களைத் தேடித் தாக்கும்.

ஆனால் கடிதம் எளிதில் கெடக்கூடியது. சுண்ணாம்பு பூசாத கலயத்தில் இறக்கிய அக்கானி சீக்கிரம் புளித்துவிடுகிறதல்லவா? அதுபோல உடலிலுள்ள நொதிகள் இதை விரைவில் சிதைத்துவிடும். ஆகவே கொலஸ்ட்ரால் உள்ளிட்ட நான்கு வகைக் கொழுப்புப் பொருள்களால் ஓர் உறை செய்கிறார்கள். அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உயிரணு அதை ஒரு நுண்ணிய பைக்குள் இழுத்துக்கொள்ளும். பைக்குள் புளிப்பு ஏறும்போது உறையின் கொழுப்புகளில் ஒன்று மின்னேற்றம் பெற்று, பையின் சுவரைக் குலைக்கும். கடிதம் வெளியேறிப் பட்டறையைச் சேரும்.

கடிதத்தின் ஓர் எழுத்தைச் சற்று மாற்றினால் உடல் அதைப் பகையாக எண்ணாது என்று 2005-ல் கண்டறிந்த காத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் 2023-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டிலும் புனேயிலுள்ள ஜென்னோவா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. கோவிட் தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசரகால அனுமதி கிடைத்தது. அதை 2 முதல் 8 டிகிரியில், சாதாரண ஃபிரிட்ஜிலேயே வைக்கலாம். சிற்றூர் மருத்துவமனைகளுக்கு இது பெரிய காரியம்.

புற்றுநோய்க்கான ஊசியோ இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. மாடர்னா, மெர்க் நிறுவனங்கள் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயுள்ள 157 பேரிடம் ஆய்வு நடத்தின. பெம்ப்ரோலிசுமாப் மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, அதனுடன் ஊசியும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது மரணம் நேரும் அபாயம் 44 சதவீதம் குறைந்ததாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் அனைவருக்கும் முதலில் ஆபரேஷன் நடந்திருந்தது. அகற்றிய கட்டியைச் சோதித்து, அதிலிருந்து 34 அடையாளங்கள் வரை தேர்ந்தெடுத்தே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஊசி தயாரித்தார்கள்.

இதைக் கேட்ட தாயார் சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். "அப்போ அந்த ஊசிக்கும் முதல்ல அறுக்கத்தான் வேணும்" என்றார்கள். மறுநாள் காலையில் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி தென்பட்டால், நாளை வரப்போகும் ஊசிக்காகக் காத்திராதீர்கள். இன்றே டாக்டரைப் பாருங்கள்.