விக்கிரகங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி

சென்னைப் பட்டணத்தில் ஒரு காலத்தில் இரண்டு விசித்திரமான 'காலேஜ்'கள் இருந்தன. ஒன்று 'உயிர்க் காலேஜ்'. மற்றொன்று 'செத்த காலேஜ்'. படிப்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. முன்னது மிருகக்காட்சிசாலை, பின்னது எழும்பூர் மியூசியம்! கிராமத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊருக்கு ரயில் ஏறமாட்டார்கள்.

1851-இல் மியூசியம் ஆரம்பமானது நுங்கம்பாக்கத்தில், ஒரு கல்லூரிக் கட்டடத்தில். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். 1854-இல் அது எழும்பூர் பாந்தியன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. கற்களையும் எலும்புகளையும் பார்க்க யார் வருவார்கள்? டாக்டர் புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் முண்டியடித்தது. 1856-க்குள் அங்கே சேர்ந்துவிட்ட பிராணிகள் சுமார் 360! பிறகு 1863-இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-இல் வண்டலூரில் புதிய இடம் திறக்கப்பட்டது. எழும்பூரில் தங்கியவை உயிரற்ற பொருள்கள்தாம். ஆகவே அது 'செத்த காலேஜ்' ஆயிற்று.

டாக்டர் வளர்த்த அந்த இடத்தில் வைத்தியம் மட்டும் நிற்கவில்லை. அங்கே 1930-இல் ஒரு ரசாயன சாலை ஏற்பட்டது. நோயாளிகள் யார் தெரியுமா? சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள்!

<b>பச்சை நோய்</b>

செம்புக்கு நோய் வருமா என்று சிரிக்க வேண்டாம். படையெடுப்புக்குப் பயந்து பல ஊர்களில் உற்சவ மூர்த்திகளைப் பூமியில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் போய்விட்டார்கள், இடம் மறந்துபோயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலே கிடந்த விக்கிரகத்துக்குள் மண்ணிலுள்ள உப்பு மெல்ல மெல்ல இறங்கிவிடுகிறது. ஒருநாள் யாரோ அஸ்திவாரம் தோண்டும்போது கடப்பாரையில் 'டங்' என்று சத்தம் கேட்கிறது. ஊரே திரண்டு கற்பூரம் கொளுத்துகிறது. ஆனால் விக்கிரகத்துக்கு ஆபத்து ஆரம்பமாவதும் அந்த நாளில்தான்.

வெளிக்காற்றின் ஈரம் பட்டதும் உள்ளே கிடந்த உப்பு விழித்துக்கொள்கிறது. அது செம்போடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் புதிய செம்பைத் தின்கிறது. அதிலிருந்து மறுபடி உப்பு, மறுபடி அமிலம். இந்தச் சுழல் தானாக நிற்பதில்லை. வெளியே தெரிவதெல்லாம் திட்டுத் திட்டாக உதிரும் வெளிர் பச்சைத் தூள்தான். கவனிக்காமல் விட்டால் விரல் போகும், முகம் போகும், பீடத்து எழுத்தும் போகும். கடற்காற்று வீசும் சென்னையிலோ கேட்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து கண்டு எழும்பூரில் செய்து காட்டியவர் டாக்டர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை ரசாயன முறையில் ஆராய்ந்தவரும் அவரே. அவர் கையாண்ட வைத்தியம் மின்சார வைத்தியம். காரத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் விக்கிரகத்தை இறக்கி, சுற்றிலும் இரும்புத் தகடுகளை நிறுத்தி, மெதுவாக மின்சாரத்தைச் செலுத்துவார்கள். உள்ளே ஒளிந்த உப்பு தண்ணீருக்கு வந்துவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். கடைசியில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். நீர் பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் பாக்கி; தெளிந்தே நின்றால் குணமாயிற்று என்று அர்த்தம்.

எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்து கிடையாது. செம்பின்மேல் அழகாகப் படிந்த பழம்பாசி நோயல்ல. அது ஒரு கவசம். மின்சாரம் அதையும் கழற்றிவிடக்கூடும். ஆகவே சில திருமேனிகளுக்கு வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சோடாக் கரைசலில் ஊறல்தான். வைத்தியருக்குப் பொறுமை வேண்டும்.

<b>புளியால் வந்த வினை</b>

பெரிய பகை உப்பு அல்ல, புளி! பூமியில் கிடைத்த சாமியை உடனே பளபளவென்று பார்க்க ஆசைப்பட்டு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். பக்தியோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டுப் பாசியோடு புருவமும் கண்ணும் சேர்ந்தே தேய்ந்துவிடும். புளியின் அமிலமும் செம்புக்கு நல்லதல்ல.

செய்யவேண்டியது ஒன்றே. தேய்க்காமல், கழுவாமல், ஈரம் படாமல் வைத்துத் தாலுகா ஆபீசுக்குத் தகவல் கொடுக்கவேண்டும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. தெரிவித்தவருக்குச் சட்டமே பங்கு வகுத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது. எழும்பூரிலுள்ள திருமேனிகளில் பல இந்தச் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தவைதாம்.

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண் தோண்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. அவை கோயிலிலேயே இருக்கட்டும் என்ற குரல் எழுந்தது. பூஜைக்குச் செய்த சாமி கண்ணாடிப் பெட்டியில் நிற்பது பலருக்கு மனம் ஒப்பாத விஷயம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பச்சை நோய்க்குக் கோயில், மியூசியம் என்ற பேதம் தெரியாது. எங்கே வைப்பது என்று தீர்மானம் ஆகும்வரை உப்பு காத்திருக்காது. வழக்கு எப்படி முடிந்தாலும் வைத்தியம் முதலில் நடக்கவேண்டும்.

மே மாதம் 18-ஆம் தேதி சர்வதேச அருங்காட்சியக தினம். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருக்கும் சமயம். பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்ற நாள். அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் நுழையுங்கள். திருவாலங்காட்டு நடராஜரும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே இருக்கிறார்கள். பாதி ஆண், பாதி பெண்ணான அந்தத் திருமேனியின் இடையை ஒரு பக்கம் பார்த்துவிட்டு, மறுபக்கம் வந்து பார்க்கவேண்டும்.

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் போய் ஏமாறவேண்டாம், அன்று விடுமுறை.