நாட்டுத் துப்பாக்கி
இரும்புக் குழல், மரக்கட்டை. வாய்வழி மருந்திடும் வகை.

கொல்லிமலையில் மரவள்ளி, சாமைக் கொல்லைகளில் காட்டுப்பன்றி விரட்டவும் வேட்டைக்கும் பயன்பட்ட துப்பாக்கி வகை இது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரோடு வில் சேர்ந்தே நினைவுக்கு வரும் இடத்தில், பின்னாளில் வந்து சேர்ந்த ஆயுதம்.

இதன் அமைப்பு போர்க்களத்தில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் சுமந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியும் இப்படித்தான்: வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். அதில் மருந்தைப் பற்றவைத்தது சிக்கிமுக்கிக் கல்லின் பொறி. மழை பெய்தால் நம்ப முடியாது. 1840களில் பிரிட்டிஷ் படையில் கல்லின் இடத்தை, அடித்தால் வெடித்துப் பொறி தரும் சிறு செம்புத் தொப்பி பிடித்தது. இந்த நாட்டுத் துப்பாக்கியிலும் சுத்தியலுக்கு நேர் கீழே தெரியும் சிறு முளையைப் பாருங்கள்: தொப்பி செருகும் இடம் அதுதான். விசையை இழுத்தால் சுத்தியல் தொப்பியின்மேல் விழும்.

1866இல் பிரிட்டிஷ் படை பின்புறம் தோட்டா இடும் ஸ்னைடர் துப்பாக்கிக்கு மாறியது. மலைக்காடுகளிலோ பழைய முறை அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. உரிமமின்றி இத்துப்பாக்கியை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.