திறமை கூடியது, கூலி?

பெங்களூரில் 'மென்திறன்' என்றாலே டை கட்டிய இளைஞர்களும் மென்பொருள் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் திறனுக்கு என்ன மதிப்பு என்று கறாராகக் கணக்குப் பார்க்கப்பட்டது இதே ஊரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில், தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம்.

அமெரிக்காவின் கேப் நிறுவனம் 2007-இல் தொடங்கிய 'பேஸ்' பயிற்சியை, ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் தனது ஐந்து பெங்களூர் தொழிற்சாலைகளில் 2013-இல் நடத்தியது. சேர விரும்பியவர்கள் அதிகம், எனவே குலுக்கல். வாரம் 2 மணி நேரம் வீதம் மொத்தம் சுமார் 80 மணி நேரம். ஊசி, நூல் பற்றி ஒரு பாடம்கூட இல்லை. சொல்ல வந்ததைத் தயங்காமல் சொல்வது, சிக்கலைத் தீர்ப்பது, நேரத்தையும் மன அழுத்தத்தையும் சமாளிப்பது, வரவு செலவு பார்ப்பது - இவைதான் பாடங்கள்.

குலுக்கலில் இடம் கிடைக்காத பெண்களோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள் அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள். 2023-இல் ஆய்விதழில் வெளியான முடிவு: பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் அதிகம். வியப்பதற்கு ஏதுமில்லை. காலர் தைப்பவரிடம் பீஸ் தேங்கினால், அவருக்கு அடுத்த மிஷின் சும்மா இருக்கும். சூப்பர்வைசருக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்தால் தேக்கம் வளரும். உடனே சொன்னால் லைன் நகரும். அதே லைனில் பயிற்சி பெறாதவர்களின் வேலையும் மேம்பட்டது.

ஆனால் கூலி? அது உயர்ந்தது 0.5 சதவீதம் மட்டுமே. இங்கேதான் கணக்கு உதைக்கிறது. கூடுதல் சம்பளம் தேடி இவர்கள் வேறு கம்பெனிக்குத் தாவவும் இல்லை. தையல் வேகத்தை ஒரு மணி நேரத்தில் சோதித்துவிடலாம். பேச்சையும் பொறுப்பையும் அடுத்த முதலாளி எப்படி எடை போடுவார்? லாபம் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டது.

பயிற்சி தர மறுக்க இது காரணமாகாது. ஆனால் வகுப்பறைப் பாடத்தில் சம்பளம் பேசுவது எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதித்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஓசூர் சாலை ஸ்தம்பித்தது. 19-ஆம் தேதியே அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதற்கு எந்தப் பயிற்சியாளரும் வகுப்பு எடுக்கவில்லை.