காற்றும் கிருமியும் – 9: எந்த விளக்கை வாங்குவது?

சூரிய வெளிச்சத்துக்குக் கிருமிகளை அழிக்கும் சக்தி உண்டென்பதை 1877-ஆம் ஆண்டில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இரு ஆங்கிலேயர் பரிசோதனையால் நிரூபித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அச்சக்தியைச் செயற்கையாகப் பிறப்பிக்கும் புற ஊதா விளக்குகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. ஆஸ்பத்திரி நடத்துவோரும், பள்ளி நிர்வாகிகளும், வீட்டில் நோயாளியை வைத்துப் பராமரிப்போரும் அவற்றுள் எதை வாங்கலாமென்று கேட்கும்போது, விலையையும் வாட்டையும் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, சுத்தி செய்ய வேண்டியது அறையின் காற்றையா, மேசை கட்டில் முதலியவற்றின் மேற்பரப்பையா என்ற வினாவையே நான் முதலில் எழுப்புவேன்.

மேற்பரப்புக்கான கருவி, ஒரு கம்பத்தைச் சுற்றிலும் குழல் விளக்குகள் பொருத்தப்பெற்றது. 2020-இல் நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியது, 43 வாட் விளக்குகள் ஆறினைக் கொண்டு, 12 அடிக்கு 12 அடி அறையைச் சுமார் 10 நிமிஷத்தில் சுத்தி செய்யுமென்று அறிவிக்கப்பட்டது. அறையில் ஒருவரும் இல்லாதபோதே இதை இயக்க வேண்டும். அன்றியும், கதிர் நேர்கோட்டில் செல்வதாகையால் கட்டிலின் அடிப்புறமும் அலமாரியின் மறுபுறமும் நிழலில் தப்பிவிடும். தூசியும் பிசுக்கும் படிந்த இடத்தில் அதன் வலிமை குன்றும். சோப்பு நீரால் துடைத்த பிறகு அவ்வேலைக்குத் துணையாகலாமேயன்றி அதற்குப் பதிலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

காற்றின் விஷயம் வேறு. இவ்விளக்கின் உண்மையான மகிமை அங்கேதான் விளங்குகிறது. 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ரிச்சர்டு ரைலி என்ற மருத்துவ அறிஞர் க்ஷயரோகிகள் தங்கிய வார்டின் காற்றைக் குழாய்வழியே கொணர்ந்து, கினிப்பன்றிகள் இருந்த இரு கூடங்களுக்குள் செலுத்தி, ஒன்றுக்குச் செல்லும் காற்றின்மீது மட்டும் இக்கதிரைப் பாய்ச்சியபோது, கதிர் படாத காற்றைச் சுவாசித்த பிராணிகள் பல நோய்க்கு ஆளாக, மற்றக் கூடத்தில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. பெரு நாட்டு லிமா நகரின் ஆஸ்பத்திரி ஒன்றில் நிகழ்ந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியிலோ, விளக்குகளை வார்டின் மேற்பகுதியிலேயே பொருத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் எரியவிட்டார்கள்; எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளில் நூற்றுக்கு 9.5-க்கும், எரியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் நூற்றுக்கு 35-க்கும் தொற்று ஏற்பட்டது. தரையிலிருந்து 7 அடிக்கு மேலே, தகடுகளால் மறைக்கப்பட்டு, கூரையை ஒட்டிய காற்றில் மட்டும் கதிரைப் பரப்பும் இவ்வகை விளக்கை, கீழே ஜனங்கள் அமர்ந்திருக்கையிலேயே எரியவிடலாம். கீழ்க்காற்று மேலேறி வரவேண்டியிருப்பதால் மெதுவாகச் சுழலும் மின்விசிறி இதற்கு உற்ற துணை. ஈரப்பதம் நூற்றுக்கு 60-ஐத் தாண்டினால் பலன் குறையக்கூடும் என்பதைச் சென்னை போன்ற கடற்கரைப் பட்டினத்தார் மனத்திற்கொள்ள வேண்டும். வகுப்பறைக்கும், மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறைக்கும் நான் சிபாரிசு செய்வது இதையே.

எந்த வகையாயினும் அலைநீளத்தைக் கவனிப்பது அவசியம். கிருமியின் மரபணுப் பொருளைச் சிதைப்பதற்குப் பாதரச ஆவி விளக்கு தரும் 254 நானோமீட்டர் கதிர் மிகவும் ஏற்றது. 400 நானோமீட்டரை நெருங்கிய ஊதா ஒளியைத் தரும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் புற ஊதா விளக்கு என்ற பெயரிலேயே விலைபோகின்றன. கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்கே தெரியாதாகையால், அழகிய நீலநிறத்தைக் கண்டு மயங்கலாகாது. 185 நானோமீட்டர் கதிரையும் வெளிவிடும் விளக்கு, நுரையீரலுக்குத் தீங்கான ஓஸோன் வாயுவை உண்டாக்குவதால், மனிதர் புழங்கும் அறைக்கு உதவாது. கையில் பிடித்து ஆட்டும் கோல் விளக்குகளையோ நான் எவருக்கும் சொல்லேன்: கணநேரம் காட்டிச் செல்வதால் போதிய கதிர் சேராது, கண்ணில் பட்டுவிட்டாலோ, அப்போது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தே மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் வேதனையும் தோன்றும்.

வாங்குமுன், அலைநீளம் என்ன, குறிப்பிட்ட தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் கதிரின் வலிமை எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்குப் பின் குழலை மாற்ற வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பாதரசக் குழல் பெரும்பாலும் 9000 மணி நேரத்தை ஒட்டி, நீலமாக எரிந்துகொண்டே வலிமையிழக்கும். பொருத்திய பின், தலைமட்டத்தில் கதிர் எவ்வளவு விழுகிறதென்று மீட்டர் வைத்து அளந்து காட்டும்வரை, வியாபாரிக்கு முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

(தொடரும்)