கீழ்நோக்கி முளைக்கும் மரம்

கீரிமலைக் கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில்தான். அப்பால் உப்பு, இப்பால் நன்னீர். மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியே வந்து கரையில் ஊறுகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் தண்ணீரைக் கீழேதான் தேடவேண்டும். பனங்கொட்டையும் அப்படித்தான் தேடுகிறது.

பெரும்பாலான விதைகள் வேரைக் கீழே விட்டுக் குருத்தை மேலே அனுப்பும். பனையோ கருவையே கீழே அனுப்புகிறது. கொட்டையிலிருந்து குழாய்போல ஒரு முளை புறப்பட்டு, கருவை நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கும். ஈரமுள்ள ஆழத்தில்தான் வேர்விடும். அங்கே குருத்தைச் சுற்றிப் பருக்கும் உறைதான் பனங்கிழங்கு. பெயர்தான் கிழங்கு, மரவள்ளிபோல அது வேர் அல்ல.

கொஞ்சம் தோண்டினாலே மண்வெட்டி கல்லில் முட்டும் ஊரில் முளை எங்கே இறங்கும்? அதற்குத்தான் பாத்தி. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களின் களியைப் பினாட்டுக்குப் பிசைந்தெடுத்தபின், மிஞ்சிய கொட்டைகளைப் பொலபொலவென்று உயர்த்திய மண்மேல் நெருக்கி அடுக்கி மூடுவார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். தை, மாசியில் குருத்து ஓலையாக விரியமுன் கிண்டிவிட வேண்டும். பிந்தினால் வாயெல்லாம் நார்தான்.

கிண்டிய கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோலப் பூரான், இளந்தித்திப்பாக. கிழங்கைவிட எனக்கு அதிலேதான் ஆசை.

கிழங்கைக் கிழித்துப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பின்னதைத் தேங்காய்ச் சொட்டோடு கடிக்கலாம். ஒடியல் மா அப்படியே உதவாது, கசக்கும். நீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். கூழுக்கு நண்டு, றால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வெந்தபின் பழப்புளியும் செத்தல்மிளகாய்க் கூட்டும் சேர்த்து, கடைசியில் அந்த மாவைக் கரைத்துவிட்டால் கூழ் தடிக்கும். அதைக் கோப்பையில் குடிப்பது பாவம். ஓலைப் பிளாவில் உறிஞ்ச வேண்டும்.

1990இல் போரால் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களின் வளவுகளில் வடலிகள் செறிந்து நின்றன. யாரும் நட்டதில்லை, பொறுக்க ஆளின்றி விழுந்த பழங்கள் தாமாகவே முளையை இறக்கியிருக்கின்றன. எது ஆண்பனை, எது பெண்பனை என்று வடலியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது பூக்கும்வரை 12, 15 ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.