உங்களுக்குத் தெரியுமா? ஆயில் டப்பாவில் இருக்கும் இரண்டு எண்கள்

என்ஜின் ஆயில் டப்பாவில் ‘20டபிள்யூ-40’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் குளிருக்கானது. அது சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் ஆயில் இறுகிவிடாமல் ஓடும். வண்டி சிரமமின்றி ஸ்டார்ட் ஆகும். இந்தத் திறனை 20டபிள்யூ ஆயிலில் மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலில் மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். குளிர்காலத்தில் லடாக் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய எண் இது. சென்னைக்கு அவ்வளவு அவசியமில்லை.

இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. பாரம் ஏற்றி மலையேறும்போது இதுதான் உலோகப் பாகங்களை உரசாமல் காக்கும். அதற்காக ‘வெயில் ஊராச்சே’ என்று தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றக் கூடாது. அதைத் தள்ளவே என்ஜின் சக்தியைச் செலவிடும், மைலேஜ் குறையும்.

பைக்காரர்களுக்கு இன்னொன்று. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அதனால், டப்பாவில் இத்தகைய கிளட்சுக்கு ஏற்றது எனக் காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எந்த எண் என்பதில் சந்தேகம் வந்தால், வண்டியோடு வந்த கையேடு சொல்வதே சரி.